விலை சொல்லாத கை

குடிக்காத ஒரு நாளுக்குக் காரைக்குடியில் விலை பன்னிரண்டு ரூபாய். ஒரு டீ. சர்க்கரை தூக்கலாகப் போடச் சொன்னால் அதற்குத் தனியாக வாங்க மாட்டார்கள்.

இந்த விலையைச் சொன்னவர் செம்மலை, மாட்டுத் தரகர். நம்பாமல் நின்றவர் சத்தியமூர்த்தி, பழம்பொருள் தரகர். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் விலைக்கு வரும்போது உள்ளே இருக்கும் தேக்குப் பெட்டியும் பெல்ஜியம் கண்ணாடியும் வெண்கலத் தவலையும் யார் கைக்கு எவ்வளவுக்குப் போகும் என்று பார்த்த பார்வையில் சொல்லக்கூடியவர். சொன்ன விலைக்கு எதையும் வாங்கிய பழக்கம் அவருக்குக் கிடையாது. தன் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்துக் கொடுத்த ஐயரிடமே, "கொஞ்சம் முன்னே பின்னே பாத்துச் சொல்லுங்க" என்று பத்து நிமிஷம் தள்ளுபடி வாங்கியவர்.

குடியும் தொழிலோடுதான் வந்தது. பேரம் படிந்தால் ஒரு பாட்டில், படியாவிட்டால் ஆறுதலுக்கு இரண்டு. இப்படி இருபது வருஷம் ஓடியதில், சரக்கு விலை ஏறியது, சத்தியமூர்த்தியின் ஈரல் இறங்கியது. மதுரை டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே ஒண்ணும் கூடாது" என்றார்.

"ஒண்ணும்னா, ஒரு கால்வாசி?"

"ஒண்ணும்னா ஒண்ணும்."

"சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். பண்டிகைக்கு மட்டும்னு முடிச்சுக்குவோம்."

டாக்டர் படத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். "அடுத்த தடவை குடிச்சா என்கிட்ட வராதீங்க. வந்தாலும் நான் செய்யறதுக்கு எதுவும் இருக்காது."

கூட வந்தவர் மனைவி நீலாயதாட்சி. காரைக்குடியில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார். "எனக்குப் பேரமெல்லாம் பேச வராது. இனி ஒரு நாள் அந்த வாசனை வந்தா நான் அரியக்குடிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். கூப்பிட வராதீக."

அப்படித்தான் சத்தியமூர்த்தி செக்காலை ரோட்டில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடிக்குப் போய்ச் சேர்ந்தார். வாரத்தில் இரண்டு சாயங்காலம் அங்கே குடியை விட்டவர்களும் விட முடியாதவர்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொருவராக, "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. சுவரில் பன்னிரண்டு படிகள் எழுதித் தொங்கின. முதல் படி, குடியிடம் தோற்றுப்போனோம் என்று ஒப்புக்கொள்வது. அடுத்தது, நம்மைவிடப் பெரிய ஒன்று நம்மை மீட்கும் என்று நம்புவது. மூன்றாவது, அதன் கையில் நம்மைக் கொடுத்துவிடுவது. இப்படிப் போயிற்று.

சத்தியமூர்த்தி அதை மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் படித்தார். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த செம்மலையிடம் போனார்.

"பன்னெண்டு ஜாஸ்தியா இருக்கே."

"என்னண்ணே ஜாஸ்தி?"

"படி. மொத்தமா எடுத்துக்கிட்டா முடிவா எத்தனைக்குத் தருவீக?"

செம்மலை ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கையும் துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்து அழுத்தினால் அது விலை. சுற்றி நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. துண்டுக்குள் சத்தியமூர்த்தியின் கை, செம்மலையின் ஐந்து விரலையும் சேர்த்து ஒரு தரம் அழுத்தியது. பிறகு மூன்று விரல்.

"எட்டு. எந்த நாலக் கழிச்சீக?"

"கடவுள் வர்ற படியெல்லாம்."

"அது நாலுக்கு மேல வரும்ணே."

செம்மலைக்குச் சிரிப்புத் தாங்காமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றையிலிருந்து அவர்தான் சத்தியமூர்த்திக்கு ஸ்பான்சர். கூட்டத்து வழக்கில் அதற்கு அர்த்தம், ஆசை தலைக்கேறும்போது எந்த நேரத்திலும் போன் பண்ணலாம், அவர் எடுப்பார். அவர் வந்து சேரும்வரைக்கும் பன்னிரண்டு ரூபாய் டீதான் வைத்தியம். படிக்கு ஒரு ரூபாய் என்று சத்தியமூர்த்தி அதையும் கணக்குப் பண்ணி வைத்துக்கொண்டார்.

கடவுளோடு அவருக்குப் பகை ஒன்றும் இல்லை. கொடுக்கல் வாங்கல் நிறைய இருந்தது. குடியை விடுகிறேன், பதிலுக்கு இன்னது செய் என்று பிள்ளையார்பட்டியில் ஓர் ஒப்பந்தம், குன்றக்குடியில் ஓர் ஒப்பந்தம், அரியக்குடிப் பெருமாளிடம் ஒன்று. முதலை ஒரே இடத்தில் போடக் கூடாது என்ற எண்ணம். மூன்றிலும் வாக்குத் தவறியவர் இவர்தான். ஆனாலும், தன்னை அப்படியே தூக்கி ஒரு கையில் கொடுப்பது என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. ரசீது வேண்டாமா? திருப்பித் தருவார்களா? மூன்றாவது படியை ஒரு சனிக்கிழமை கண்ணை மூடிச் சொல்லத்தான் செய்தார். ஆனால் தரகன் எந்த நாளும் கடைசி விலையை வெளியே வைப்பதில்லை, அடிமடியில் ஒன்று இருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தீக்ஷாவின் கல்யாணத்தன்று ஒரே ஒரு கிளாஸ் என்று அவர் தனக்குத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அதைச் செம்மலையிடமும் சொல்லவில்லை, சாமியிடமும் சொல்லவில்லை.

அந்த ஒரு கிளாஸை மடியில் வைத்துக்கொண்டே ஏழு மாதத்தைத் தள்ளிவிட்டார். எட்டாவது மாதத்தில் கண்டரமாணிக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

பழைய வீடு. நான்கு பங்காளிகள். அந்தப் பக்கத்து வழக்கப்படி உள்வாசல் என்னும் திறந்த முற்றத்தைச் சுற்றி ஆளுக்கோர் அறை. ஒருவர் அறையின் சாவி இன்னொருவரிடம் இருக்காது. விற்றுவிடுவது என்று நாலு பேரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் ஒருமனதாகச் செய்த முதல் காரியம் அதுவாக இருக்கலாம். அதில் ஒரு பங்கு, விற்பனைக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தேனம்மை ஆச்சிக்கு. ஆச்சியின் அப்பாவைப் பெற்ற தாத்தா, அவர்கள் வழக்கில் ஐயா, அவருடைய அறை அது. சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர்.

காலை பத்து மணிக்கு ஆச்சி ஒரு சாண் நீளச் சாவியை அவர் கையில் கொடுத்தார். "நீங்களே தொறந்து பாத்து லிஸ்ட் போட்டுருங்க. நான் பிள்ளையார்பட்டிக்குப் போயிட்டு ரெண்டு மணிக்குள்ள வந்துர்றேன்."

"கூட ஒரு ஆளு இருந்தா நல்லது ஆச்சி."

"உங்க மேல நம்பிக்கை இல்லாமலா கூப்பிட்டேன்?"

கார் போனது. முகப்பில், வீட்டைப் பெருக்கிக் காவல் பார்க்கும் கருப்பம்மாள் முறத்தில் புளியைப் பரப்பிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

அறை திறந்தது. எனாமல் கூஜாக்கள், தூக்குவாளிகள், ஓர் ஊஞ்சல் பலகை, ரசம் போன இரண்டு கண்ணாடிகள். சத்தியமூர்த்தி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே உள்ளறைக்குப் போனார். மூலையில் ஒரு தேக்குப் பெட்டி. மூடியைத் தூக்கினால் வைக்கோல். வைக்கோலுக்குள் ஆறு பாட்டில்.

சைகோன் பிராந்தி. வாயில் சிவப்பு அரக்கு முத்திரை, ஒன்றுகூடச் சேதமில்லை. ஒன்றை எடுத்து மேல் ஜன்னலில் வந்த வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தூசிக்கு அந்தப் பக்கம் பனங்கற்கண்டுப் பாகுபோல ஒரு நிறம் மெதுவாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஒன்றுக்கு லட்சம் சொல்லி எண்பதுக்கு முடிக்கலாம் என்று தொழில் புத்தி சொன்னது. அதோடு தொழில் புத்தி வாயை மூடிக்கொண்டது. அடுத்துப் பேச ஆரம்பித்தது அவருக்குள்ளிருந்த வேறு ஆள்.

சத்தியமூர்த்தி வாழ்க்கையில் எத்தனையோ தரகர்களைப் பார்த்திருக்கிறார். இவனுக்கு ஈடு இவன்தான். இவனுக்கு அவசரமே கிடையாது. முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. "நல்ல சரக்கு" என்று மட்டும் சொன்னான். பிறகு, "வாங்க வர்றவன் எப்படி இருக்கும்னு கேட்டா என்ன சொல்லுவே? ருசி தெரியாம விலை சொல்றது தொழில் தர்மமா?" என்றான். பாட்டில் வேண்டாம், கிளாஸ் வேண்டாம், ஒரு மூடி என்றான். மூடியும் வேண்டாம், நாக்கு நுனியில் ஒரு சொட்டு; இது குடி இல்லை, மதிப்பீடு. லிஸ்ட் போடுகிறவன் நீ. ஐந்து என்று எழுது. ஐம்பது வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த பெட்டியில் ஆறு இருந்ததை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள். தீக்ஷா கல்யாணத்துக்குன்னு எடுத்து வச்சிருக்கியே, அதைத்தானே கேக்கிறேன், முன்கூட்டியே வாங்கிக்க.

அந்தக் கடைசி விலை எங்கே இருந்து வந்தது என்று சத்தியமூர்த்தி திடுக்கிட்டார். அவர் அடிமடியில் ஒளித்து வைத்திருந்ததை எதிராளி எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டான்.

 முழங்காலுக்குப் பின்னால் ஒரு நரம்பு சுண்டிச் சுண்டி இழுத்தது. நீலாயதாட்சி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. அது ரொம்ப தூரத்தில் யாரோ யாருக்கோ சொன்னதுபோல இருந்தது. குனிந்து பார்த்தபோது வலது கைக் கட்டைவிரல் நகத்தில் சிவப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. அரக்கு.

அதற்குப் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் விற்ற தவலையின் விலையைப் பைசா சுத்தமாகச் சொல்லும் மனிதர். பாட்டிலை வைக்கோலில் திரும்ப வைத்ததோ, வெளியே வந்ததோ, பூட்டியதோ அவர் ஞாபகத்தில் இல்லை. உள்வாசல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கையில் சாவி இருந்தது. யார் கால் தன்னை நடத்திக்கொண்டு வந்தது என்று குனிந்து ஒரு தரம் காலைப் பார்த்தார்.

செம்மலைக்குப் போன் போட்டார். பின்னால் மாடு கத்தும் சத்தம்.

"எங்குட்டு இருக்கீக?"

"கண்டரமாணிக்கம். ஒரு வீட்ல ஆறு பாட்டில் அகப்பட்டிருக்கு."

"பாட்டில் எங்குட்டு?"

"உள்ள."

"நீங்க?"

"வெளிய."

"அப்ப நடுவுல ஒரு கதவு இருக்குல்ல. பூட்டுங்க."

"பூட்டித்தான் இருக்கு. சாவி என் கையில."

செம்மலையை முந்திக்கொண்டு ஒரு மாடு அபிப்பிராயம் சொன்னது. "ஒரு ஜோடிக் காளைக்கு விரலப் பிடிச்சாச்சு. விட்டுட்டு வர்றேன். அரை மணி ஆகும். அதுக்குள்ள அந்தச் சாவி உங்க கையில இருக்கக் கூடாது."

"கெணத்துல போட்டுரவா?"

"ஏண்ணே, ஆச்சிக்கு யாரு பதில் சொல்றது? யாராச்சும் மனுசங்க இருக்காகளா?"

சத்தியமூர்த்தி முகப்புக்கு வந்தார். வரும் வழியிலேயே மூன்று பொய் தயாராகிவிட்டது. உள்ளே பாம்பு இருக்கிறது என்று சொல்லலாம், ஊரே கூடிவிடும். சாவி கனமாக இருக்கிறது என்று சொல்லலாம். அவருடைய தொழிலில் பெயர்தான் முதல். குடிகாரன் என்று ஒரு வேலைக்காரம்மா காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஊர்க் காதில் விழும்.

"ஆத்தா, இந்தச் சாவியக் கொஞ்சம் வச்சிருங்க. நான் கேட்டாலும் குடுக்கக் கூடாது."

கருப்பம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா?"

பொய் மூன்றும் வரிசையில் நின்றன. "உள்ள பிராந்தி இருக்கு. நான் குடிகாரன். இப்பக் குடிக்கிறதில்ல. இன்னைக்கு என்னால முடியல."

செக்காலை ரோட்டு மாடியின் நாற்காலி வட்டத்துக்கு வெளியே அந்த வார்த்தையை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கருப்பம்மாள் பரிதாபப்படவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. புளிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கி இடுப்பில் செருகினார். இதையே தினமும் செய்கிறவர்போல இருந்தது. "சரி. அங்குட்டு வெயிலு, இங்குட்டு வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"ஆத்தா, அந்தச் சாவி. லிஸ்ட் பாக்கி இருக்கு."

"ஆச்சி வரட்டும்."

"ஆச்சி வந்தா கோவிப்பாக."

"கோவிக்கட்டும்."

சத்தியமூர்த்தி ஐந்நூறு ரூபாயை எடுத்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது எதுக்கு?"

"சாவிக்கு."

"சாவி என்னுது இல்லையே. நான் எப்படி விக்கிறது?"

இரண்டாயிரம் ஆயிற்று. கருப்பம்மாள் அந்த நோட்டுகளைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தார். "வேர்த்து ஊத்துதே. மோர் கொண்டாரவா?"

விலை ஏறினால் ஆள் இறங்குவான், இறங்காவிட்டால் கோபப்படுவான், கோபமும் படாவிட்டால் தன் சரக்கைப் பற்றி ஒரு பொய்யாவது சொல்வான். இது மூன்றிலும் சேராத ஆளை அவர் பார்த்ததே இல்லை. கடைசியாக ஒரே ஒரு வித்தை பாக்கி இருந்தது. "சரி, வேண்டாம்" என்று எழுந்து வேட்டியை உதறினார். வாசலை நோக்கி நடந்தார். செட்டிநாட்டுக் கடைவீதியில் இதற்கு மசியாத ஆள் கிடையாது. கடைசிப் படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து, "அட வாங்க, என்ன கோவம்" என்று குரல் வந்தே தீரும். அவர் கடைசிப் படியில் கால் வைத்தார். நின்றார். செருப்பை மெதுவாக மாட்டினார்.

குரல் வரவில்லை. தகர டப்பாவில் புளியங்கொட்டை விழும் சத்தம்தான் வந்தது.

தெருவில் வெயில் அடித்தது. இடது பக்கம் போனால் மெயின்ரோடு, அங்கே வேறு கடை இருக்கிறது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். சத்தியமூர்த்தி அங்கேயே நின்றார். தொழிலுக்கு வந்த நாளாக யாரும் கூப்பிடாமல் அவர் திரும்பியதில்லை. செருப்பைக் கழற்றினார். திரும்பி நடந்துவந்து, உள்வாசல் கல்தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

"முடியல" என்றார். உரக்கச் சொன்னாரா, மனத்துக்குள் சொன்னாரா, தெரியாது. "எடுத்துக்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பழக்க தோஷம், பதிலுக்கு என்ன கேட்கப்போகிறார்கள் என்று எதிர்பார்த்தார். முடி கேட்கலாம், முட்டிபோட்டு வரச் சொல்லலாம், ஆயுசுக்கும் மலையேறச் சொல்லலாம். எதையும் யாரும் கேட்கவில்லை. உள்வாசலுக்கு மேலே சதுரமாக வானம் இருந்தது, ஒரு துளி மேகம் இல்லாமல். அதே சதுரம் வெயிலாகத் தரையில் விழுந்து கிடந்தது. அதன் ஒரு மூலை அவர் கால் பெருவிரலைத் தொட்டுக்கொண்டிருந்தது. டப்பாவில் கொட்டை விழுந்தது. டக். கொஞ்சம் பொறுத்து, டக். அடுத்தது எப்போது விழும் என்று அவர் கவனிக்க ஆரம்பித்தார். ஒன்று தப்பி வெளியே விழுந்து உருண்டது, அதையும் கவனித்தார்.

அப்போதுதான் தெரிந்தது, முழங்கால் நரம்பு சுண்டவில்லை. மடியில் வைத்த பணத்தைத் தொலைத்தவன் தேடுவதுபோல அவர் தனக்குள் தேடினார். நெஞ்சில் தேடினார், நாக்கில் தேடினார். அந்தத் தரகன் இல்லை. அவன் உட்கார்ந்திருந்த இடம் துடைத்துவிட்டாற்போலக் கிடந்தது. சற்று முன்வரை அறையை அடைத்துக்கொண்டு நின்ற ஒன்று, நாலு ஆள் பிடித்தாலும் நகராத ஒன்று, எந்த வழியாகப் போனது? அவர் தள்ளவில்லை. தள்ளியது யார்? தூக்குக்கூலிகூடக் கேட்காமல்?

உடம்பில் மயிர்க்கால் எல்லாம் நின்றது. பெருமாள் சன்னதியில் வராத ஒன்று, மாடிக் கூட்டத்துப் பிரார்த்தனையில் வராத ஒன்று, ஒரு வீட்டு உள்வாசலில், புளியங்கொட்டைச் சத்தத்தில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அசைந்தால் போய்விடுமோ என்று சத்தியமூர்த்தி காலைக்கூட மடக்கவில்லை. கருப்பம்மாள் மோரை வைத்துவிட்டுப் போனார். அதைக் குடிக்கவும் பயமாக இருந்தது. பிறகு குடித்தார். மோர் மோராக இருந்தது. அதுவே பெரிய ஆச்சரியமாக இருந்தது.

செம்மலை வந்தபோது செருப்பில் சாணியும் சட்டையெல்லாம் வியர்வையுமாக வந்தார். நேரே வந்து எதிரில் குந்தி, கிட்டே முகத்தை நீட்டி ஒரு தரம் மோந்து பார்த்தார். மாட்டுக்குப் பல் பார்க்கிற அதே அக்கறை.

"மோரு" என்றார்.

"மோருதான்."

செம்மலை தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பேசாமல் விரித்தார். இருவர் கையும் உள்ளே போயிற்று. "சொல்லுங்கண்ணே. எத்தனை படி? எட்டா, ஒன்பதா?"

துண்டுக்குள் சத்தியமூர்த்தியின் கை கிடந்தது. எந்த விரலையும் தேடவில்லை, எதையும் அழுத்தவில்லை. உள்ளங்கை மேலே பார்த்துத் திறந்து அப்படியே கிடந்தது. செம்மலை நாற்பது வருஷமாகத் துண்டுக்குள் எத்தனையோ கைகளைப் பிடித்திருக்கிறார். நடுங்கும் கை, ஏமாற்றும் கை, பிடித்த விரலை இல்லையென்று சாதிக்கும் கை. விலையே சொல்லாத கையை அவர் பிடித்ததில்லை.  தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

சத்தியமூர்த்தி சொன்னார். "தீக்ஷா கல்யாணத்துக்குன்னு ஒரு கிளாஸ் எடுத்து வச்சிருந்தேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நானும் தரகந்தானே. மடியில வச்சிருக்கிறவன் நடக்கிற நடை தெரியாதா?"

"அதுவும் போயிருச்சு. நான் குடுக்கலப்பா. தேடினா இல்ல."

"திரும்பி வரும்ணே" என்றார் செம்மலை. "நாளைக்கே வரும். எனக்கு இன்னும் வருது. வந்தா போன் போடுங்க."

இரண்டு மணிக்குத் தேனம்மை ஆச்சி விபூதியும் கொழுக்கட்டையுமாக வந்தார். சத்தியமூர்த்தி லிஸ்டைக் கொடுத்தார். "உள்ளறைப் பெட்டியில சைகோன் பிராந்தி ஆறு பாட்டில் இருக்கு ஆச்சி. ஒண்ணுல முத்திரை பேந்திருக்கு. என் நகம் பட்டது. நான் குடிச்சுக் கெட்டவன், இப்ப விட்டிருக்கேன். குடிக்கல, ஆனா கை போயிருச்சு. அதுக்கு விலை குறையும், என் தரகுல கழிச்சுக்கங்க. அந்த ஆறுக்கும் வேற ஆளப் பாத்துக்கங்க."

ஆச்சி லிஸ்டைப் பார்க்கவில்லை. "எங்க ஐயா வச்சிருந்தாரா? அவரு ஒரு சொட்டுத் தொட்டதில்லைன்னு எங்க வீட்ல பெருமையாச் சொல்லுவாகளே."

"தொடலை ஆச்சி. ஆறும் முழுசா இருக்கு."

"அப்ப எதுக்கு வச்சிருந்தாரு?"

 கருப்பம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஆச்சியிடம் நீட்டினார். "அது எங்களுக்குத் தெரியாது ஆச்சி. ஆனா இந்தச் சாவி பெரிய ஐயா கையில இருந்ததே இல்ல. அப்ப இங்க வேலை பாத்த எங்க மாமியாகிட்டக் குடுத்துட்டு, நானே வந்து கேட்டாலும் குடுக்காதன்னு சொல்லியிருந்தாராம். சில நாளு வந்து கேப்பாராம். சத்தம் போடுவாராம். பணம் நீட்டுவாராம். எங்க மாமியா குடுக்காதாம். ஆனா குடுக்காதன்னு சொன்ன சொல்ல அவரு கடைசிவரைக்கும் திருப்பி வாங்கலன்னு மாமியா சொல்லும். உள்ள நகை இருக்கும்போலன்னு நாங்க நெனச்சுக்கிட்டோம்."

அதனால்தான் காலையில் கருப்பம்மாள் முகத்தில் ஆச்சரியமே இல்லை என்று சத்தியமூர்த்திக்குப் புரிந்தது. அவர் அந்த அறைக் கதவைப் பார்த்தார். மாடியும் இல்லை, நாற்காலி வட்டமும் இல்லை, சுவரில் எழுதிய படியும் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு மனுஷன், தன்னந்தனியாக, இதே உள்வாசலில் இதே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். முகப்பில் ஒரு பெண் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தன் வேலையைப் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் பூட்டிக் கிடந்தது சைகோன் பிராந்தி இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

செம்மலை துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

ஆச்சி முறத்தின் பக்கத்தில் கிடந்த இரண்டாயிரத்தைக் காட்டி, "இது யாருது?" என்றார். சத்தியமூர்த்தி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் தெளிந்துவிட்டார் என்பதற்குச் செம்மலைக்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

தெருமுனை டீக்கடையில் மூன்று டீ வாங்கினார்கள். ஒன்றைச் செம்மலை கருப்பம்மாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். சத்தியமூர்த்தி சர்க்கரை தூக்கலாகக் குடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அந்த ஜோடிக் காளையில உனக்குத் தரகு எவ்வளவு வந்திருக்கும்?"

"விடுங்கண்ணே."

"சொல்லுப்பா. பாதியாவது தர்றேன்."

"எனக்கு ஒருத்தர் நாட்டுக்கோழி வியாபாரத்த விட்டுட்டு வந்தாரு, ஆறு வருசத்துக்கு முன்னாடி. நான் அவருக்குக் குடுத்தேனா? அவரு கோழியே செத்துப்போச்சு. நீங்க நாளைக்கு எவனுக்காச்சும் பெல்ஜியம் கண்ணாடிய விட்டுட்டு ஓடுங்க."

டீக்கடைக்காரர் கணக்குச் சொன்னார், முப்பத்தாறு ரூபாய். சத்தியமூர்த்தி நாற்பது கொடுத்தார். சில்லறை இல்லை, நாலு ரூபாயை அடுத்த தடவை கழித்துக்கொள்ளலாமா என்றார் கடைக்காரர். கேட்ட விலையைக் கேட்டபடி கொடுத்ததோடு, மேற்கொண்டு நாலு ரூபாயைக் கடனாகவும் விட்டு எழுந்த சத்தியமூர்த்தியைச் செம்மலை கொஞ்சம் கவலையோடுதான் பார்த்தார்.

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து காரைக்குடி வரும்வரை சத்தியமூர்த்தி மனத்துக்குள் கணக்கைக் கூட்டிப் பார்த்தார். செலவு: டீ மூன்று, முப்பத்தாறு ரூபாய். நஷ்டம்: ஆறு பாட்டில் தரகு, நகக்கண் அளவு அரக்கு, அடிமடியில் இருந்த ஒரு கிளாஸ். வர வேண்டியது: டீக்கடையில் நாலு ரூபாய். வரவு: இன்றைக்கு ஒரு பகல், முழுசாக. கொடுக்க வேண்டியது: செம்மலைக்கு ஒரு ஜோடிக் காளை, கருப்பம்மாளுக்கு ஒரு சாவி, சைகோன் ஐயாவுக்கு என்னவென்று தெரியவில்லை, உள்வாசலில் வந்து உட்கார்ந்ததற்கு எவ்வளவென்றே தெரியவில்லை. இரண்டு தரம் கூட்டினார். இரண்டு தரமும் பாக்கி நின்றது.